ப்ளிமத்தில் தூங்கியவள்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் முன்பு நெல் அரவை மில்லாக இருந்து மூடிப்போன தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதைப் பிடித்துத்தான் சுகுமார் பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கிற ஷெட் வைத்திருந்தான். அங்கே வேலை செய்தவர்களில் பெண் என்றால் ஜெனிஃபர் ஒருத்திதான். மாகறல் காலனியிலிருந்து தன் டிவிஎஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவாள். பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோவும் இருக்கிறது, இரண்டிலும் ஏறமாட்டாள். மழை கொட்டினாலும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில்தான் வருவாள். ஏனென்று கேட்டவர்களிடம், “நம்ம வண்டின்னா நம்ம கையில கீது” என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

வயது முப்பத்தெட்டுதான். பார்க்கிறவர்கள் கூடுதலாகவே சொல்வார்கள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போலக் கறுத்திருக்கும். யாராவது பேசினால் காதில் வாங்கி, கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொல்வாள். ஷெட்டில் இருந்த மற்றவர்கள் அதைத் திமிர் என்று முதலில் நினைத்தார்கள். டிங்கர் வேலை பார்க்கும் ஏகாம்பரத்துக்கு மட்டும் அது திமிர் இல்லை, தூக்கமில்லாத உடம்பு என்று தெரிந்திருந்தது. அவருடைய சொந்த ஊர் காவாந்தண்டலம். ஜெனிஃபருக்கு என்ன நடந்தது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அதற்கு முன்பு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தாள். கார் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். அவள் நின்ற இடத்தில் முன்கண்ணாடி பொருத்த வேண்டும். பசை தடவிய கண்ணாடியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, சரியான இடத்தில் உட்கார வைத்து, ஓரத்து ரப்பரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பஸ்ஸர் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் வந்து நிற்பான். அழுத்தி அழுத்தி அவள் வலது தோள் இறங்கிப்போயிற்று. இருந்தும் அந்த வேலையை அவள் வெறுக்கவில்லை. எதிர்ப்பக்கம் பிடித்தவள் கல்பனா.

கல்பனா காவாந்தண்டலத்துப் பெண். வீட்டில் நிலம் நீச்சு உண்டு. ஆனாலும் கல்யாணம் வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடித்து வந்தவள். கண்ணாடியைத் தூக்கும்போது இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருத்தி மூச்சை இழுத்தால் அடுத்தவளுக்கு எப்போது தூக்குவது என்று தெரிந்துவிடும். கல்பனா கொண்டு வருகிற புளிச்சோற்றை ஜெனிஃபர் சாப்பிடுவாள், ஜெனிஃபர் கொண்டு வருகிற கருவாட்டுக் குழம்பை கல்பனா வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடுவாள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் கல்பனா ஜன்னலோரம் உட்காருவாள். ஜெனிஃபர் அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவாள். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோருமே தூங்குவார்கள். அவர்களுக்குக் கிடைத்த நல்ல தூக்கம் அதுதான்.

ஒருநாள் ஓட்டுகிறவரும் தூங்கிவிட்டார். முந்தின ஷிஃப்டையும் அவரே ஓட்டியிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். வாலாஜாபாத் தாண்டி, விளக்கு இல்லாமல் ஓரத்தில் நின்ற ஜல்லி லாரியின் பின்பக்கத்தில் பஸ்ஸின் இடது பக்கம் போய் மோதியது. ஜெனிஃபர் கண் விழித்தபோது ஸீட்டுகளுக்கு நடுவே பஸ்ஸின் தரையில் கிடந்தாள். நெற்றியிலும் கையிலும்தான் காயம். கல்பனாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

ஜெனிஃபர் அதன்பிறகு சில வாரம் வேலைக்குப் போனாள். கண்ணாடியின் எதிர்ப்பக்கம் வேறொரு பெண் நின்றாள். நல்ல பெண்தான். ஆனால் இவள் மூச்சை இழுத்தால் அவளுக்குப் புரியவில்லை, சொல்லித்தான் தூக்க வேண்டியிருந்தது. காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கச் சொல்லி இவள் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. வேலை போனது போல தூக்கமும் போயிற்று. படுத்தால் கண் மூடும், மூடிய உடனே திடுக்கென்று உடம்பு தூக்கிப்போடும். அவள் கணவன் ஜான் ஊரில் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுகிறான். உழவு சீசனில் அவன் வேலை முடிந்து வந்ததும் அவள் முதலில் பார்ப்பது அவன் கண்களைத்தான். சிவந்திருந்தால் மறுநாள் வண்டி எடுக்கக் கூடாது என்று சண்டை பிடிப்பாள். அவனும் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனான். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் பகலெல்லாம் தலை கனத்தது. நிறுத்திவிட்டாள்.

சுகுமாரின் ஷெட்டுக்கு அவள் வந்தது பாலிஷ் போடுவதற்கு. பம்பர், கைப்பிடி, விளக்கு வளையம் என்று கழற்றிப் போட்ட உருப்படிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை, பஸ்ஸர் கிடையாது என்று ஏகாம்பரம்தான் சொல்லி அனுப்பினார். வந்தாள், வாய் பேசாமல் தேய்த்தாள், போனாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ப்ளிமத் வந்தது. ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார், கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய திறந்த வண்டி. சென்னையில் ஒரு பல் டாக்டர் அதை எங்கோ தோட்டத்து ஷெட்டிலிருந்து வாங்கியிருந்தார். துணிக்கூரை மக்கிப்போய் எலும்புக்கூடு மட்டும் நின்றது. பெயிண்டுக்கு அடியில் எங்கே தட்டினாலும் துரு உதிர்ந்தது. முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த சட்டம்தான் ரொம்ப மோசம். அதைச் சரிபண்ண வேண்டுமானால் கண்ணாடியை எடுக்க வேண்டும். கண்ணாடியை எடுக்க வேண்டுமானால் அதைச் சுற்றி ஓடிய எவர்சில்வர் பீடிங்கை முதலில் கழற்ற வேண்டும். விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய தகடு அது. கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப வளைந்து, ரப்பரின் பள்ளத்தில் கவ்விக்கொண்டு கிடந்தது. புதிதாகச் செய்து வாங்க இங்கே ஆளில்லை, வெளிநாட்டில் யாராவது பழைய வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே எதை உடைத்தாலும் அதை உடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சுகுமார் ஆட்களைப் பார்த்தான். எல்லோரும் சுத்தியும் வெல்டிங்குமாகப் பழகிய கைகள். கண்ணாடி வேலை பார்த்தவள் நீதானே, செய்து பாரேன் என்று ஜெனிஃபரிடம் சொன்னான்.

அவள் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள்.  ஆனால் மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வேலை பிடிபட கொஞ்ச நாள் ஆயிற்று. முதலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பிப் பார்த்தாள். தகடு விளிம்பில் பல் பட்டது போல ஒரு தடம் விழுந்தது. உடனே நிறுத்திவிட்டாள். ஏகாம்பரம் ஒரு மூங்கில் பத்தையைச் சீவித் தட்டையாக்கிக் கொடுத்தார். கல்லாகிப்போன ரப்பரின் உதட்டை பிளேடால் கீறிக்கொண்டு போய், மூங்கிலை உள்ளே விட்டு, ஒரு விரற்கடை தூக்கி, அடுத்த விரற்கடைக்கு நகர வேண்டும். ஒரே இடத்தில் அதிகம் தூக்கினால் மடிந்துவிடும். மடிந்த தகடு பழையபடி ஆகாது.

வேலை கஷ்டமில்லை. மெதுவாகச் செய்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் கைகள் பஸ்ஸருக்குப் பழகியவை. யாரும் விரட்டாதபோதும் மணிக்கட்டு தானாக முந்திக்கொண்டு போகும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தி நிறுத்தி, அந்தி சாய்வதற்குள் அவளுக்கு நாற்று நட்டவளைப் போல இடுப்பு விட்டுப்போகும். இத்தனை வருஷமாக எங்கோ சேர்த்துவைத்த அலுப்பெல்லாம் அந்த நிதானத்தில் மெல்ல மேலே வந்தது. வீட்டுக்குப் போய் சோறாக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை.

கீழ்ப்பக்கமும் இரண்டு ஓரமும் கழன்றன. மேல்பக்கம் மிஞ்சியது. கூரை இல்லாததால் அதற்கு உள்ளேயிருந்து, முன் ஸீட்டில் முட்டி போட்டு, சட்டத்துக்கு மேலே எட்டி வேலை செய்யலாம். ஸீட் ஸ்பிரிங்குகள் குத்தாமல் இருக்க ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டாள். இடது பாதியை எடுத்து வைத்துவிட்டு, நடுவிலிருந்து கிளம்பி வலது கோடி வரைக்கும் தகட்டை ரப்பரிலிருந்து விடுவித்துவிட்டாள். கோடியில் பெயிண்டுக்குள் புதைந்திருந்த ஒரு திருகாணி மட்டும் அசையவில்லை. அதன் தலையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். கழன்ற தகட்டின் முனை ஸீட்டின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. சாப்பாட்டு வேளை. ஆட்கள் எல்லோரும் வெளியே புங்க மரத்தடிக்குப் போயிருந்தார்கள். தகரத்துக்குக் கீழே அனல். மண்ணெண்ணெய் வாசனை. இறங்கிப் போக அலுப்பாக இருந்ததால் அவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து, முதுகை ஸீட்டில் சாய்த்தாள்.

ஏகாம்பரம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூங்கில் பத்தை மடியில் கிடந்தது. அவர் காலடி கேட்காமல் பின்வாங்கினார். பிறகு வெளியே போய், கிரைண்டரை இப்போது போட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர்களும் கேள்வி கேட்கவில்லை. வெயில் மேற்குப் பக்கம் இறங்குகிற வரைக்கும் ஷெட்டில் சத்தமே இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் டாக்டர் வந்தது அன்றைக்குத்தான். சுகுமாரை உத்திரமேரூரில் ஏற்றிக்கொண்டு, கூட ஒரு நண்பரையும் அழைத்து வந்திருந்தார். கேட் மூடியிருந்ததால் அவருடைய டிரைவர் ஹாரனை அழுத்தினான். ஏகாம்பரம் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். டிரைவர் அதைப் புரிந்துகொள்ளாமல் இன்னும் நீளமாக அழுத்தினான்.

ஜெனிஃபர் எழுந்தாள் என்று சொல்ல முடியாது. உடம்பு எழுந்தது. பஸ்ஸில் முன்னால் இருக்கிற கம்பியைப் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டி எதையோ எட்டிப் பிடித்தாள். அவள் பிடித்தது அந்தத் தகட்டை. முழு பாரமும் அதன்மேல் விழுந்தது. நடுவுக்கும் கோடிக்கும் இடையில் அது மடங்கியது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொள்வதற்குள் டாக்டரும் நண்பரும் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, தகட்டைத்தான் பார்த்தார். பிறகு சுகுமாரிடம், “இதுக்குத்தான் இவ்வளவு நாள் ஆகுதா?” என்றார். சத்தம் போடவில்லை. சுகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெனிஃபர் ஸீட்டிலிருந்து இறங்கி நின்று, முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார் தூங்கிட்டேன். என் கை பட்டுத்தான் வளைஞ்சிச்சி.”

 சுகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளை வீட்டுக்குப் போகச் சொன்னான். அவனே கூப்பிடுகிற வரைக்கும் வர வேண்டாம் என்றான். ஏகாம்பரம் ஒரு துணியைக் கிழித்து அவள் கையில் சுற்றிவிட்டார். அந்தக் கையோடு அவள் மாகறல் வரைக்கும் வண்டியை ஓட்டினாள். செய்யாற்றங்கரை வந்ததும் ஒருமுறை நிறுத்தி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. அழுவதற்கும் சோம்பலாக இருந்தது.

ஜான் வீட்டில் இருந்தான். அவள் இந்த நேரத்தில் வந்து அவன் பார்த்ததில்லை. கையைப் பார்த்துப் பதறினான். தண்ணீர் குடித்துவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். டாக்டரின் கார், வெளிநாட்டிலிருந்துதான் அந்தத் தகடு வர வேண்டும், சுகுமார் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் அதில் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

“தூங்கினியா?” என்றான்.

“ஆமா.”

“மெய்யாலுமே தூங்கினியா ஜெனி? காருக்குள்ளாறயா?”

“ஆமான்றேன் இல்ல. எவ்ளோ நேரம்னு தெரில. ஏகாம்பரம் அண்ணன்தான் யாரும் எயுப்பாத பாத்துக்கினு வாசல்ல குந்திக்கினு இருந்தாராம்.”

ஜான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.  பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தான். அவன் சோறாக்குவது வழக்கமில்லை. அவள் தடுக்கவும் இல்லை.

மறுநாள் சுகுமார் கூப்பிடவில்லை. அவளாகவே கிளம்பிப் போனாள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம்கூட அவளுக்கு இல்லை. திருகாணி கழலாமல் அந்தத் தகடு பாதி தொங்கிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வேறு யாராவது பிடித்து இழுத்தால் மிச்சமும் போய்விடும். சுகுமார் அவளைப் பார்த்தான், போன் பேசுகிற சாக்கில் வெளியே போனான். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். திருகாணி நன்றாக ஊறியிருந்தது. கட்டுப்போட்ட கையால் இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை திருப்பியதும் முனகிக்கொண்டே சுற்றியது. தகட்டை இரண்டு கையாலும் ஏந்தி ஏகாம்பரத்தின் மேசைக்குக் கொண்டு போனாள்.

அவர் ஒரு மரக்கட்டையில் தகட்டின் வளைவுக்கு ஏற்றபடி பள்ளம் செதுக்கி வைத்திருந்தார். அவள் தகட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, அவர் சின்னச் சுத்தியால் உள்பக்கம் தட்டினார். இரண்டு பேரும் குனிந்தே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிராமலேயே கேட்டார்.

“பஸ்ஸு ஞாபகமா வந்துச்சி?”

ஜெனிஃபர் தகட்டை நகர்த்தினாள். “ஹாரன் அட்ச்சாங்கல்ல அண்ணா. அன்னிக்கி மோதினதும் பஸ் ஹாரன் மாட்டிக்கிச்சி. நிக்கவே இல்ல. நாங்க கத்தினது ஒருத்தருக்கும் கேக்கல. யாரோ வந்து ஒயரைப் புடுங்கினாங்க. அப்பறம்தான் நின்னுச்சி.”

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

“கல்பனா தோள்லதான் தலைய வெச்சிக்கினு இருந்தேன். அவ முழிச்சிக்கினு இருந்தாளா, தூங்கினாளா, அதுகூடத் தெரில எனக்கு. அவங்கம்மா வந்து கேட்டாங்க, கடைசியா இன்னா பேசினான்னு. நான் தூங்கிட்டேம்மான்னு எப்டி சொல்றது? ஒண்ணும் பேசலம்மான்னு சொல்லிட்டேன்.”

 கல்பனாவின் தாய் செல்லம்மாள் ஏகாம்பரத்துக்குத் தூரத்து உறவு. “அந்த பஸ்ல எல்லாரும்தானம்மா தூங்கினாங்க” என்று மட்டும் சொன்னார். அது சமாதானமாக இல்லை என்று அவருக்கே தெரிந்தது. மறுபடி சுத்தியை எடுத்தார். அவள் தகட்டை நகர்த்தினாள். 

மடிப்பு நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை. அவள் நாள்கணக்கில் தேய்த்தும், தண்ணீரில் காற்று பட்டது போல ஓரிடத்தில் ஒரு சின்ன அலை நின்றுவிட்டது. டாக்டர் அடுத்த தடவை வந்தபோது அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பொருத்திய பிறகு தெரியுமா என்று கேட்டார். வெயிலில் பார்த்தால் தெரியும் என்று ஏகாம்பரம் உள்ளதைச் சொன்னார். டாக்டருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் கிடைக்குமா என்று விசாரிப்பதாகவும், கிடைக்கும் வரைக்கும் இதையே போட்டுவையுங்கள் என்றும் சுகுமாரிடம் சொன்னார். ஜெனிஃபர் பக்கத்திலேயே நின்றாள்.  போகும்போது அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டார். போட்டுக்கொண்டேன் என்றாள்.

அவர் போன பிறகு சுகுமார் தன் பங்குக்குக் கத்தினான். இனிமேல் எந்தக் காருக்குள்ளும் யாரும் உட்காரக் கூடாது என்று எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொன்னான். ஜெனிஃபர் அவன் கத்தி முடிக்கும் வரைக்கும் நின்றிருந்துவிட்டு, தனக்கு ஒரு விஷயம் வேண்டும் என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஸ்டோர் ரூமில் படுக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி வேண்டாம். அவள் எதையாவது கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். “படு, எனக்கின்னா” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் குரலில் எரிச்சல் இருந்தது. ஆனால் மறுநாள் ஸ்டோர் ரூமிலிருந்த பழைய டயர்களை யாரோ வெளியே உருட்டிவிட்டு, ஆள் படுக்க இடம் பண்ணியிருந்தார்கள்.

முதலில் சில நாட்கள் அவள் சும்மா படுத்துக் கிடந்தாள். கூரையில் அணில் ஓடுவதையும் ஆட்கள் வெளியே பேசுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தூங்கினாள். அடுத்த நாள் தூங்கவில்லை. அப்படித்தான் அது நடக்கிறது, வந்தால் வருகிறது. வீட்டில் இன்னும் திடுக்கென்று எழுந்து உட்காருகிறாள். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் மறுபடி போகலாம் என்று ஜான் சொல்லிக்கொண்டிருக்கிறான். போகலாம், உழவு முடியட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காவாந்தண்டலம் போய் செல்லம்மாளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கிறாள். ஏகாம்பரம் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் போகவில்லை.

ப்ளிமத்தின் கண்ணாடியை எடுத்தபோது நாலு பேர் பிடித்தார்கள். அவளும் பிடித்தாள். அடியில் இருந்த சட்டம் நினைத்ததைவிட மோசமாக அரித்துப்போயிருந்தது. துருவைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று. சுகுமார் தலையில் கை வைத்தான். ஏகாம்பரம் ஓட்டையை அளக்க நூலை எடுத்தார். கதவுகளின் ஓரத்தில் இன்னும் பீடிங் இருக்கிறது, அதையும் எடுத்துவிடு என்று சுகுமார் அவளிடம் சொன்னான். நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.